பாடிய வாயும் பாடும் மகளும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் கலைத்தாயை நினைவுகூர்தல் பற்றி ஒரு திறனாய்வு

முன்னுரை

கலைஞர் ஒருவர் மறையும்போது அவரை நினைவில் நிறுத்துவதற்குச் சமுதாயம் சில கருவிகளை வைத்திருக்கிறது. இசைத்தட்டு, அச்சிட்ட நூல், மேடை, விருது, நாளேட்டின் இரங்கல் செய்தி என அவை பலவாகும். இக்கருவிகள் எல்லாம் வாழும்போதே கலைஞர் என ஏற்கப்பட்டவருக்கே பயன்படுகின்றன. கலை தன்னிடத்து உண்டு என்று தானும் சொல்லாமல், பிறரும் சொல்லாமல், தொட்டிலருகிலும் கொழுந்து நிரையிலும் சாவு வீட்டு முற்றத்திலும் பாடி மறைந்த தாயரை எக்கருவி கொண்டு நினைவுகூர்வது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அவருள் புற்றுநோயால் மறைந்தவர்கள் சிறப்பாகக் கருதப்படுகின்றனர். அதற்கான காரணம் கட்டுரையின் இடைப்பகுதியில் விளங்கும்.

வேறுபாட்டை உணர்ந்துகொள்ள, நன்கு அறியப்பட்ட ஒருவரை முதலில் நோக்கலாம். ஜிக்கி என்னும் பெயரால் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் முதலிய மொழிகளில் பாடிய பி. ஜி. கிருஷ்ணவேணி 1935இல் பிறந்தவர். 1948இல் வெளிவந்த ‘ஞானசௌந்தரி’ படத்தில் சிறுமியின் குரலாக ஒலித்தபோது அவரே ஏறத்தாழச் சிறுமிதான். 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’ அவர் குரலை மேலும் பரப்பியது. பாடகர் ஏ. எம். ராஜாவின் மனைவி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய், 1989இல் கணவரை இழந்தவர், 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மார்பகப் புற்றுநோயால் சென்னையில் மறைந்தார். அவருடைய மறைவுச் செய்தியைப் படித்தவர் எவருக்கும் நோய் முதலில் நினைவுக்கு வரவில்லை, குரலே வந்தது. ஒலிப்பதிவு அவருக்கும் நோய்க்கும் இடையே ஒரு வேலியாக நின்றது. அக்குரலை வானொலியில் கேட்டுத் தன் பாட்டோடு சேர்த்துப் பாடிய தோட்டத்துப் பெண்ணுக்கு அத்தகைய வேலி எதுவும் இல்லை. அவள் அதே நோயால் இறந்தபோது எஞ்சியது பெரும்பாலும் நோயின் கதை மட்டுமே.

கையறுநிலை மரபும் ஒரு வெற்றிடமும்

இறந்தாரை எண்ணி இரங்கும் பாடலுக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. கையறுநிலையைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. புறநானூற்றில் அதியமானுக்கு ஔவையாரும் பாரிக்குக் கபிலரும் பாடியவை இம்மரபின் உச்சங்கள். அவற்றில் பாடுவோர் புலவர், பாடப்படுவோர் புரவலர். ஔவையார் அதியமானை நினைக்கும் முறை இங்கு நோக்கத்தக்கது. அவன் பெருமையைப் பொதுச்சொற்களால் கூறாமல், அவன் செய்த சிறுசிறு செயல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டுகிறார். அவன் மார்பில் தைத்த வேல் அவனோடு நில்லாது அவனைப் பாடிய புலவர்தம் நாவிலும் சென்று வீழ்ந்தது என்கிறார். புரவலனின் சாவு பாடும் நாவின் சாவுமாகும் என்பது அவர் கருத்து.

பாடுவோரே இறந்தால் அவரை யார் பாடுவது என்பதற்கு இம்மரபு நேரான விடை தரவில்லை. தாய் என்னும் நிலையிலும் இவ்வெற்றிடம் தெரிகிறது. புறநானூற்றுத் தாய் பெரும்பாலும் மகனின் வீரத்தையோ சாவையோ பேசுபவளாக வருகிறாள்; அவளே இறந்து பாடப்படுபவளாக வருதல் அரிது. தாயின் சாவைப் பாடியவர் என்றதும் தமிழருக்கு நினைவில் எழுபவர் பட்டினத்தார். அவர் பாடல்களின் பொருள் தாயின் அன்பும் துறவியின் நன்றியும் ஆகும். பெற்றாள், வளர்த்தாள், பொறுத்தாள் என்னும் வாய்பாடு அங்கே நிலைபெற்றுவிட்டது. பிற்காலத்துத் தாய்மைப் பாடல்களும் திரைப்பாடல்களும் பள்ளி மாணவரின் ‘என் தாய்’ கட்டுரைகளும் பெரும்பாலும் அவ்வாய்பாட்டிலிருந்து விலகவில்லை. தாயின் தியாகத்தை நாம் சலியாது பாடியிருக்கிறோம். தாயின் திறனை அரிதாகவே குறித்திருக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

தாயே ஊராக நின்ற காலம்

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டறிந்த மேட்டுநிலமே அவர் பெயரால் வழங்கும் கேமரன் மலை. அங்கே 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம் மலைநாட்டுத் தேயிலைப் பயிரீட்டுக்கு வழிகாட்டியது. தொடர்ந்து 1933இல் பாரத் தோட்டமும், புளூ வேலி முதலிய பிற தோட்டங்களும் உருவாயின. காட்டை அழித்து, சரிவுகளைத் திருத்தி, கன்று நட்டுக் கொழுந்தெடுத்தவருள் தமிழர் பெருந்தொகையினர்.

இத்தோட்டங்கள் தோன்றிய காலம் பண்பாட்டு வரலாற்று நோக்கில் முக்கியமானது. ரப்பர்த் தோட்டங்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்துகொண்டே இருந்தனர். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒவ்வொரு கூட்டமும் புதிய பாடல்களையும் சடங்குகளையும் உடன் கொணர்ந்தது. கேமரன் மலைத் தோட்டங்களோ உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் எழுந்தவை. 1938இல் மலாயாவுக்கான உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்தது. ஆகவே, மலைத்தோட்டம் தொடங்கி ஒரு பத்தாண்டு நிறைவதற்குள், ஊரிலிருந்து பாடல் வந்த பெருவழி அடைபட்டது.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. அதன்பின் அங்குப் பிறந்த பெண்குழந்தைக்குத் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் அண்டை வீட்டுப் பெண்களிடமிருந்துமே கிடைத்தன. அக்குழந்தை காணாத ஊரின் ஆறும் வயலும் கோயில் கோபுரமும் பாட்டின் வழியாகவே அதனை வந்தடைந்தன. பனி மூடிய மலைச்சரிவில், நெற்கதிரைப் பார்த்தறியாத சிறுமி நெல் குத்தும் பாட்டைக் கற்றாள் எனின், அவளுக்கு ஊர் என்பது தாயின் குரலே எனலாம். இத்தகைய தாயைக் கலைஞர் என்று அழைப்பது மிகையாகாது. ஒரு மரபின் களஞ்சியமாகவும் அதனை நிகழ்த்திக் காட்டுபவராகவும் கற்பிப்பவராகவும் ஒருங்கே இருந்தவருக்கு வேறு பெயர் ஏது?

இலங்கை மலையகத்தோடு ஒப்பிடின் இந்நிலை மேலும் தெளிவாகும். அங்கே மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாம் இயற்றிய பாடல்களைப் பாடினார். 1940இல் அவை நூலாகவும் வெளிவந்தன. அவருடைய கணவர் கோ. நடேசய்யர் இதழாசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தமையால் அப்பாடல்களுக்கு அச்சேறும் வாய்ப்பு அமைந்தது. தோட்டத்துப் பெயரறியாப் பெண்களின் வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். மலேசியத் தமிழ் இலக்கியத்திலோ தோட்டம் எனின் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டமே. பால்மரமே அதன் தலையாய படிமம். தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் குரல் நாட்டின் இலக்கிய நினைவிலும் ஓர் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

பாட்டின் களங்கள் சுருங்கிய முறை

வாய்மொழிக் கலை களத்தைச் சார்ந்தது. களம் மறைந்தால் பாட்டு நினைவிலிருந்தும் நழுவும். தொடக்கக் காலத்தில் இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்தைக் கையால் கிள்ளினர். விரல்கள் வேலை செய்ய, வாய் பாடத் தடையில்லை. அடுத்த நிரையிலுள்ளவளின் அடியை இவள் வாங்கிப் பாடுவதற்கும் வாய்ப்பிருந்தது. பின்னர்க் கத்தரி வந்தது. அதன்பின் இயந்திரம் வந்தது. இயந்திர ஒலியில் அருகிலிருப்பவரின் பேச்சே கேளாதபோது பாட்டுக்கு இடமேது? தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுச் சென்ற தாய்க்குத் தாலாட்டு இரவுக்குரியதாயிற்று. வானொலியும் தொலைக்காட்சியும் அவ்விரவையும் பகிர்ந்துகொண்டன. கல்வி கற்ற பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தனர். இன்று தோட்ட வேலையில் பெரும்பங்கு வெளிநாட்டுத் தொழிலாளரைச் சார்ந்துள்ளது.

கோலமும் இவ்வரலாற்றுக்கு விலக்கன்று. லயத்து வாசலில் சாணம் தெளித்து இட்ட புள்ளிக் கோலம், நகரத்து அடுக்குமாடி வீட்டில் ஒட்டுத்தாளாகிவிட்டது. மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரியைச் சுற்றி அடித்த கும்மி, மேடை நிகழ்ச்சியாக மாறியபோது பாடியவர் கீழே அமர்ந்து ஒலிபெருக்கியைக் கேட்பவராயினர். கடைசிவரை நீடித்த களம் சாவு வீடே. ஒப்பாரியை இயந்திரம் விரட்டவில்லை. திரைப்பாடலும் அதனிடத்தில் அமர முடியவில்லை. ஆகவேதான் தோட்டத்துக் கலைத்தாயின் இறுதி அரங்கு ஒப்பாரியாக அமைந்தது.

‘புற்று’ என்னும் சொல்லும் பாடும் வாயும்

சூசன் சோண்டாக் 1978இல் எழுதிய நூலில், நோயைப் பிறிதொன்றின் உருவகமாக்கும் வழக்கம் நோயாளியின் மேல் கூடுதல் சுமையை ஏற்றுகிறது என்று வாதிட்டார். தமிழில் இவ்வுண்மைக்கு ஒரு தனிப்பரிமாணம் உண்டு. மேலைமொழிகளில் இந்நோயின் பெயர் நண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழிலோ அது புற்று. கறையான் எழுப்பிய புற்று நாகம் வாழுமிடம்; அம்மன் உறையுமிடம்; பாலூற்றி மஞ்சளிட்டு வணங்குமிடம். அம்மனை வணங்கிய பெண்ணின் உடலில் அதே பெயரால் ஒரு நோய் வளர்கிறது. உள்ளிருந்து மண்ணைத் தின்று புறத்தே மேடாகும் ஒன்றின் உருவம் அச்சொல்லில் அடங்கியுள்ளது. பலர் அப்பெயரைச் சொல்லவே அஞ்சி, ‘அந்த வியாதி’ என்றோ ‘கேன்சர்’ என்றோ கூறுவதற்கு இவ்வுருவகத்தின் கனமும் ஒரு காரணமாகலாம்.

மலேசியத் தமிழ்ப் பெண்களைப் பொறுத்தவரை இந்நோயின் ஒருவகை தனியே எண்ணத்தக்கது. 1993-94இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட வாய்ச்சவ்வு நோய் ஆய்வும், பின்வந்த தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகளும், வாய்ப்புற்று இந்தியச் சமூகத்தில், குறிப்பாகப் பெண்களிடையே, மிகுந்து காணப்படுவதைச் சுட்டின. வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் இதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்னும் முடிவை உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டது.

இச்செய்தியை மருத்துவத்துக்கு உரியது என்று திறனாய்வு ஒதுக்கிவிட இயலாது. வெற்றிலை தமிழ்ப் பெண்ணின் கலைவாழ்வோடு பின்னியது. தாம்பூலம் மங்கலத்தின் அடையாளம். திருமண அழைப்பும் ஒப்பந்தமும் அதனோடு நிகழ்வன. மலையின் குளிரிலும் வேலைக்கிடையிலான பசியிலும் சுருக்குப்பையிலிருந்து எடுத்து மடித்த ஒரு வெற்றிலையே பலருக்கு ஓய்வு. பெண்கள் கூடியமர்ந்து பாட்டுப் பயின்ற இடத்தின் நடுவிலும் வெற்றிலைத் தட்டு இருந்தது. சிவந்த வாய் அழகு என்று பாடிய வாயிலேயே நோய் குடியேறியது. கன்னத்திலோ நாவிலோ அறுவை செய்யப்பட்ட பெண் உயிர்பிழைத்தாலும் பழையபடி பாடுதல் அரிது. ஔவையாரின் பாடலில் உருவகமாக வந்த நாவின் மேல் வீழ்ந்த வேல், இவள் வாழ்வில் உருவகமாக இல்லை.

இதனால் தாயைக் குற்றஞ்சொல்லும் நினைவும் பிழையாகும். வெற்றிலையைப் பண்பாடு என்னும் பெயரால் போற்றி நிற்றலும் பிழையாகும். அப்பழக்கம் கொண்டிருந்த தீங்கை அவள் தலைமுறைக்குச் சொல்வாரில்லை. சொல்லும் அறிவு பரவியபோது பலருக்குக் காலம் கடந்துவிட்டது. தோட்ட மக்களை இலக்காகக் கொண்ட வாய்ப்புற்றுத் தடுப்பு, முன்னறிதல் திட்டம் 1990களின் பிற்பகுதியில்தான் நாட்டில் தொடங்கியது. வாயில் ஆறாத புண், வெண்திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியவை காணப்பட்டால் காலந்தாழ்த்தாமல் பல் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்னும் ஒரு வரி, இன்றுள்ள மூத்த பெண்களிடம் தமிழாசிரியர் சொல்லத்தக்க ஒரு வரியாகும்.

புற்றுநோய் சாவின் களத்தையும் மாற்றியது. தானா ராத்தாவிலுள்ள மாவட்ட மருத்துவமனையின் எல்லையைக் கடந்த சிகிச்சைக்கு மலையைவிட்டு இறங்கியாக வேண்டும். தாப்பாவுக்கு இறங்கும் வளைவுச் சாலையில் நோயுற்ற தாயரும் துணைக்குச் சென்ற மகளிரும் பலமுறை பயணம் செய்தனர். சிலர் நகரத்து மகன் வீட்டிலோ மருத்துவமனையிலோ உயிர்விட்டனர். உடன்பாடிய பெண்கள் அங்கில்லை. சுற்றியமர்ந்து தோள்பற்றி அழும் முற்றமும் இல்லை. பிறருக்கெல்லாம் ஒப்பாரி பாடியவள், தனக்கென ஒப்பாரி எழாத இடத்தில் கிடத்தப்பட்டாள்.

வடிவில் வாழும் தாய்

ஒப்பாரியைப் பற்றிய ஆய்வுகளுள் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூல் நன்கு விவாதிக்கப்பட்டது. தமிழகத்தில் களப்பணி செய்த அவர், ஒப்பாரி பாடும் பெண் உண்மையில் இறந்தவருக்காக அழுவதில்லை, தன் வாழ்வின் குறைகளுக்காகவே அழுகிறாள் என்னும் முடிவை நூலின் தலைப்பிலேயே வைத்தார். தாய்க்குப் பாடும் ஒப்பாரியை அறிந்தவர் இக்கூற்றில் உண்மை இருப்பதை மறுக்க மாட்டார். தாய் போனபின் தாய்வீடு இல்லை, வாசலில் வந்து நின்றால் வாவென்று அழைப்பாரில்லை, அண்ணியின் ஆட்சியில் தனக்கு மதிப்பில்லை என்றெல்லாம் மணமான மகள் பாடுவாள். பாட்டின் பொருளை மட்டும் நோக்கினால் அங்கே தாயைவிட மகளே மிகுதியாக இருக்கிறாள்.

ஆயினும் பாட்டைப் பொருளால் மட்டும் அளப்பது போதாது. மார்கரெட் டிராவிக் 1986இல் வெளிவந்த கட்டுரையொன்றில், ஒடுக்கப்பட்ட பெண்களின் அழுகைப் பாடல்களில் வடிவமே பொருளை ஏந்தி நிற்பதை ஆராய்ந்தார். அவ்வழியில் ஓரடி மேலே செல்லலாம். மகள் பாடும் அந்த எடுப்பு, அந்த இழுப்பு, பொன்னும் வெள்ளியும் பூவும் அடுக்கி வரும் அந்த உவமை முறை, அடியின் ஈற்றில் குரல் விம்மித் தாழும் அந்த இடம் ஆகியவற்றை மகள் எங்கே கற்றாள்? பிறர் சாவு வீடுகளில் தாயின் மடியிலும் தோளருகிலும் அமர்ந்து கற்றாள். எவரும் அதனைப் பாடமாக நடத்தவில்லை. தாய் பாடியபோது கேட்டாள். தாயின் கை அவள் தோள்மேல் அதிர்ந்தபோது தாளத்தை உணர்ந்தாள். ஆகவே, தாயின் உடலருகே அமர்ந்து மகள் பாடத் தொடங்கும் கணத்தில் அரங்கேறுவது தாயின் கலையே. பொருளில் மகளின் துயரம் ஒலிக்கிறது. வடிவில் தாயின் திறன் ஒலிக்கிறது.

இவ்வாறு நோக்கினால், ‘யாரும் இறந்தவருக்காக அழுவதில்லை’ என்னும் முடிவு தாய்க்கான ஒப்பாரியளவில் திருத்தம் பெறவேண்டும். அங்கே இறந்தவள், தன்னைப் பற்றிய பாட்டின் ஆசிரியையாகவும் இருக்கிறாள். சுற்றியிருக்கும் மூத்த பெண்கள் இதனை அறிவர். மகள் பாடுவதைக் கேட்டு, தாயின் குரல் அப்படியே இருக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது, அச்சொல் ஆறுதலாக இருப்பதோடு ஒரு மதிப்பீடாகவும் இருக்கிறது. தோட்டத்துக் கலைத்தாய்க்கு வாழ்வில் கிட்டிய ஒரே திறனாய்வு, பல வேளைகளில், இதுவாகவே இருந்திருக்கும்.

வாய்ப்புற்றால் தாய் மறைந்த வீட்டில் இவ்வுறவு மேலும் கூர்மையடைகிறது. இறப்பதற்கு முன்பே தாயின் பாட்டு நின்றுவிட்டது. மாதக்கணக்கில் சைகையாலும் சிறுமுனகலாலும் பேசியவளின் முன்னிலையில், அவள் குரலை மீண்டும் எழுப்பக்கூடிய ஒரே வாய் மகளுடையது. மகள் பாடத் தெரிந்தவளாயின் நோய் பறித்ததில் ஒரு பகுதி மீள்கிறது. தெரியாதவளாயின் அம்மரபு அவ்வீட்டளவில் அன்றோடு முற்றுப்பெறுகிறது.

இன்றைய நினைவு வடிவங்கள்

ஒப்பாரி அருகிய இடத்தில் வேறு வடிவங்கள் வந்துள்ளன. மலேசியத் தமிழ் நாளேடுகளில் நினைவஞ்சலி விளம்பரம் வெளியிடும் வழக்கம் நெடுநாளையது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளேட்டிலும் இவை இடம்பெற்றன. ஒரு நிழற்படம், தோற்றம், மறைவு, சில அடிகளில் ஒரு வாய்பாட்டுக் கவிதை, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் என்பதே அதன் அமைப்பு. அதில் தாய் உறவுகளின் தலைப்பாக நிற்கிறாள். அவள் செய்தது என்ன என்பதற்கு அங்கு இடமில்லை.

யாழ்ப்பாணத் தமிழரிடையே முப்பத்தோராம் நாளையொட்டி வெளியிடப்படும் நினைவு மலர், ‘கல்வெட்டு’ என்னும் பெயரோடு இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையும் செய்யுளிலோ உரைநடையிலோ தருவது. பிறந்த ஊர், கல்வி, தொழில், குணநலன், கோயில் தொண்டு முதலியன அதில் இடம்பெறும். ஒரு குடும்பத்தின் ஆவணமாக அது பயன்தருகிறது. எனினும் அதிலும் வாய்மொழிக் கலை ‘இனிய குரல் வளம் உடையவர்’ என்னும் ஒற்றைத் தொடரில் அடங்கிவிட இடமுண்டு. என்ன பாடினார், யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்பவை எழுதப்படாவிடின் குரல் வளம் என்பது வெறும் பாராட்டுச் சொல்லாகவே நின்றுவிடும்.

புற்றுநோயால் இறந்தவரைப் பற்றிய எழுத்தில் இக்குறை மேலும் பெருகுகிறது. நோய் கண்டறிந்த நாள், சிகிச்சையின் கொடுமை, முடி உதிர்ந்தமை, இறுதி மூச்சு என நினைவு முழுவதும் கடைசி ஓராண்டில் சென்று குவிகிறது. அறுபது ஆண்டு வாழ்வை இறுதி ஓராண்டு விழுங்குகிறது. ‘நோயோடு போராடினார்’ என்னும் தொடர் அவர் நோயுறுமுன் செய்த அனைத்தையும் பின்னுக்குத் தள்ளுகிறது. துன்பத்தை மறைக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. அத்துன்பத்தைத் தாங்கியவர் யார் என்பது தெரிந்தால்தான் துன்பத்தின் அளவும் தெரியும். பாடியவளின் வாயில் புண் என்பதும், புண்ணுற்ற ஒரு நோயாளி என்பதும் ஒன்றல்ல.

ஆசிரியரும் ஆய்வாளரும் செய்யத்தக்கன

திறனாய்வு இங்கே ஒரு நடைமுறையைப் பரிந்துரைக்கலாம். தாயை நினைவுகூரும் எழுத்து அவரைக் கலைஞராகக் கொள்ளுமாயின், கலைஞரைப் பற்றிய எழுத்தில் எதிர்பார்ப்பவற்றை அதிலும் எதிர்பார்க்கவேண்டும். முதலாவது, படைப்புப் பட்டியல்: அவர் பாடிய தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, சாமிப் பாட்டு ஆகியவற்றுள் குடும்பத்தார் நினைவில் எஞ்சியவை, அவர் இட்ட கோலங்களின் வரைவு, அவர் சொன்ன விடுகதையும் பழமொழியும். இரண்டாவது, கற்ற வழி: தாய்வழிப் பாட்டியின் ஊர், அவர் மலைக்கு வந்த விதம், தோட்டத்தில் உடன்பாடியவர்கள். மூன்றாவது, தனித்தன்மை: ஊர்ப் பாட்டில் அவர் மலையையும் பனியையும் கங்காணியையும் பிரட்டுக்களத்தையும் எங்கே சேர்த்தார், எதனை விட்டார் என்பது. மூன்றாவதாகச் சொன்னதே திறனாய்வாளர் பெரிதும் தேடவேண்டியது. மரபைத் திரும்பச் சொன்னவரிலிருந்து மரபைப் புதுக்கியவரைப் பிரித்தறிவது அவ்விடத்தில்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ‘என் தாய்’ என்னும் தலைப்பைக் கொடுக்கும்போது, ‘என் தாய்க்கு என்ன செய்யத் தெரியும்’ என்றோ ‘என் பாட்டி பாடிய பாட்டு’ என்றோ தலைப்பை மாற்றிப் பார்க்கலாம். தியாகம், அன்பு, தெய்வம் என்னும் சொற்கள் உடனே உதவிக்கு வாரா. மாணவர் வீட்டுக்குச் சென்று கேட்டாக வேண்டும். கேட்கும் அச்செயலே மரபு கைமாறும் செயல்.

நோயுற்றவரிடம் பாடல் திரட்டுவதில் ஓர் அறநெறியும் தேவை. காலம் குறைவு என்பதற்காக ஒலிப்பதிவுக் கருவியோடு படுக்கையருகே அமர்வது ஆய்வாளருக்கு எளிது. பாடமுடியாத வாயைப் பாடச் சொல்வது கொடுமை. தமக்கென ஒப்பாரியைப் பாடிக்காட்டுமாறு கேட்பதைப் பல மூத்த பெண்கள் அமங்கலமாகக் கருதுவர். சாவு வீட்டுக்கு வெளியே அதனைப் பாட இசையார். அத்தகைய இடங்களில் மகள் பாட, தாய் தலையசைத்துத் திருத்தும் முறையே பொருத்தமானது. அப்பதிவில் தாயின் குரல் இராது. ஆனால் அவளுடைய செவியும் தீர்ப்பும் இருக்கும். எது தவறு என்று காட்டத் தெரிந்தவளின் கைச்சைகை, ஒரு முழுப் பாடலுக்கு நிகரான சான்றாகும். பதிவு யாரிடம் இருக்கவேண்டும், வெளியிடலாமா என்பவற்றைக் குடும்பத்தாரே முடிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் 1938க்குப் பின் வாய்மொழி மரபு பெரும்பாலும் தாயர் வழியாகவே நிலைபெற்றது. ஆதலால் அத்தாயரைக் கலைஞராகக் கொள்ளுதல் பொருத்தமுடையது. வேலையும் வாழ்விடமும் மாறியபோது அவர்கள் பாடிய களங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, ஒப்பாரி மட்டுமே நெடிது நின்றது. தாய்க்கு மகள் பாடும் ஒப்பாரி, பொருளளவில் மகளின் துயரமாயினும், வடிவளவில் தாயின் கலைக்கு நிகழும் அரங்கேற்றமாகும். புற்றுநோய், சிறப்பாக வாய்ப்புற்று, அக்கலையின் கருவியையே தாக்கியதோடு, சாவின் களத்தை மலையிலிருந்து நகரத்துக்கு மாற்றி ஒப்பாரிக்கும் இடமில்லாது செய்தது. இன்றைய நினைவு வடிவங்கள் தாயின் உறவையும் நோயையும் குறிக்கின்றன, திறனைக் குறிக்கவில்லை.

ஜிக்கியின் பாடலை இன்றும் எவரும் விரும்பியபோது கேட்கலாம். மலைத்தோட்டத்துப் பெண்ணின் பாடலுக்கு அவ்வாய்ப்பு அவளுடைய மகளும் பேத்தியும் இருக்கும்வரைதான். கொழுந்தைக் கையால் கிள்ளிய தலைமுறையில் எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்களுடைய பாடல்கள் என்னென்ன என்று கேட்டு எழுதிவைக்கும் பணி, பல்கலைக்கழகத் துறைகளும் தமிழ்ப்பள்ளிகளும் சேர்ந்து செய்யவேண்டிய பணியாகும். அப்பட்டியலின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் நோயின் பெயருக்கு முன்னால் அப்பெண்ணின் பெயர் எழுதப்படுதல் வேண்டும்.